தண்ணீர் எங்கே போகிறது? லிங்கனில் குரோப்பியஸ் வீட்டைப் பார்த்துவிட்டு

பாஸ்டன் பக்கம் பிள்ளைகள் வீட்டுக்கு வந்து சில மாதம் தங்கிவிட்டுப் போகிற நம் ஊர்ப் பெற்றோர் நிறையப் பேர். கடலையும் ஹார்வர்டையும் எல்லாரும் பார்த்துவிடுகிறார்கள். அவர்களில் வீடு கட்டியவர்களும் கட்டப் போகிறவர்களும் ஒரு மத்தியானத்தை ஒதுக்கி, லிங்கன் என்கிற சிற்றூரில் இருக்கும் குரோப்பியஸ் வீட்டையும் கட்டாயம் பார்த்துவிட வேண்டும் என்பேன். திருச்சியில் வீடு கட்டிக் கொடுக்கும் தொழிலிலேயே என் காலம் போயிருக்கிறது. எந்த வீட்டுக்குள் நுழைந்தாலும் முதலில் கூரையைத்தான் பார்ப்பேன். மழைத் தண்ணீர் எங்கே போகிறது என்று தெரியாமல் உட்காரவே தோன்றாது. அந்தக் கண்ணோடு பார்த்ததைத்தான் எழுதுகிறேன். கலை வரலாறு தேடுகிறவர்களுக்கு இதில் கொஞ்சம்தான் கிடைக்கும்.

வால்டர் குரோப்பியஸ் யார் என்று சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். பெர்லினில் 1883இல் பிறந்தவர். 1919இல் வைமர் நகரில் பவுஹவுஸ் என்ற பள்ளியைத் தொடங்கினார். தச்சு, நெசவு, உலோக வேலை, ஓவியம் எல்லாவற்றையும் ஒரே கூரைக்கு அடியில் கொண்டுவந்த பள்ளி அது. ஹிட்லர் ஆட்சிக்கு வந்த பிறகு 1934இல் ஜெர்மனியை விட்டு இங்கிலாந்து போனார். 1937இல் ஹார்வர்டு பல்கலைக்கழகம் அழைக்க, மனைவி இஸேயோடும் மகள் ஆட்டியோடும் அமெரிக்கா வந்து சேர்ந்தார். நம் நாட்டுக்கும் அந்த வகுப்பறைக்கும் ஒரு தொடர்பு உண்டு. ஐஐடி கான்பூர் வளாகத்தை வடிவமைத்த அச்யுத் கன்விந்தே ஹார்வர்டில் இவரிடம் படித்தவர்.

அகதி மாதிரி வந்தவருக்குச் சொந்த வீடு கட்டப் பணம் ஏது? ஹெலன் ஸ்டோரோ என்ற வசதியான அம்மாள் லிங்கனில் தன் நிலத்தில் ஒரு பகுதியைக் கொடுத்து, கட்டுமானச் செலவையும் ஏற்றுக்கொண்டார். ஹென்றி ஷெப்லி என்ற கட்டடக் கலைஞர் அவரிடம் பேசி ஏற்பாடு செய்திருக்கிறார். 1938இல் வீடு முடிந்தது. அதே பகுதியில் குரோப்பியஸின் மாணவராகவும் பிறகு உடன் பணியாற்றியவராகவும் இருந்த மார்செல் பிராய்யருக்கும் வேறு சிலருக்கும் அந்த அம்மாள் இதேபோல் உதவினார். முன்பின் அறியாத ஒருவரை நம்பி இடமும் கொடுத்து, பணமும் கொடுத்து, ‘உங்களுக்குப் பிடித்தபடி கட்டிக்கொள்ளுங்கள்’ என்று ஒதுங்கிக்கொள்ளும் மனிதர்கள் எந்தக் காலத்திலும் அரிது. அந்தப் பெயரை அங்கே கேட்டபோது எனக்கு உண்மையிலேயே கையெடுத்துக் கும்பிடத் தோன்றியது.

நாங்கள் போனது அக்டோபரில். மகள் கார் ஓட்டினாள், பேத்தி பின்னால். சாலையில் இருந்து திரும்பியதும் முதலில் வருவது கார் ஷெட். வீடு அங்கே இல்லை, மேலே சின்னக் குன்றின் மீது இருக்கிறது. சுற்றிலும் ஆப்பிள் தோட்டமும் புல்வெளியும். கார் ஷெட்டை ஏன் கீழேயே வைத்தார்கள்? அந்த ஊரில் குளிர்காலம் முழுக்கப் பனி கொட்டும். மேல் வரை கார் போக வேண்டுமென்றால் பாதை முழுவதும் பனியை வாரித் தள்ள வேண்டும். கீழேயே நிறுத்திவிட்டால் நடக்கிற அளவுக்குப் பாதை இருந்தால் போதும். அதோடு வீட்டைச் சுற்றிப் பார்வையை மறைக்க ஒன்றும் இருக்காது. போர்டிகோவைத்தான் வீட்டுக்கு முகம் என்று நினைக்கிறோம் நாம். கார் நிற்க முன்பக்கத்தில் பாதி இடத்தைக் கொடுத்துவிட்டு ஹாலில் வெளிச்சம் இல்லை என்று பகலிலேயே விளக்குப் போடுகிறோம். அந்த ஷெட்டைப் பார்த்துக்கொண்டு கொஞ்ச நேரம் அங்கேயே நின்றுவிட்டேன்.

படத்தில் பார்த்தால் இது ஒரு வெள்ளைப் பெட்டி. சமதளக் கூரை, நீளவாட்டில் ஜன்னல்கள், அவ்வளவுதான். கான்கிரீட் என்றே பலரும் நினைப்பார்கள். கிட்டே போய்க் கையால் தொட்டால் மரம். அந்த ஊர் வீடுகளை எப்படிக் கட்டுவார்களோ அப்படியே மரச் சட்டம் போட்டு, மேலே பலகை அடித்து, வெள்ளை பெயிண்ட். பக்கத்து வீடுகளில் பலகை படுக்கை வாட்டில் ஓடும், இங்கே செங்குத்தாக நிற்கிறது. புகைபோக்கிக்குச் செங்கல், கீழே மண் சரியாமல் இருக்க அந்த மண்ணிலேயே கிடைத்த கல். வந்த புதிதில் குரோப்பியஸ் நியூ இங்கிலாந்து என்கிற அந்த வடகிழக்கு அமெரிக்கப் பகுதியின் ஊர்களைச் சுற்றி, அங்கே பழைய வீடுகள் எப்படிக் கட்டப்பட்டிருக்கின்றன என்று பார்த்துப் படித்திருக்கிறார். உலகமே ஆசான் என்று கொண்டாடிய மனிதர், புது ஊருக்கு வந்ததும் அந்த ஊர்த் தச்சரிடம் இருந்து தொடங்கியிருக்கிறார். விளக்குகள், கைப்பிடிகள் எல்லாம் கடைப் பட்டியலைப் பார்த்து வாங்கியவை. கண்ணாடிக் கட்டி (செங்கல் மாதிரி அடுக்கிச் சுவர் கட்டுகிற கண்ணாடி), பளபளக்கும் எஃகுக் குழாய், ஒலியை உறிஞ்சும் கூரைப் பூச்சு போன்ற புதுச் சரக்குகளையும் அந்தப் பழைய பலகையோடு சேர்த்துவிட்டார். சேர்ந்த இடம் எதுவும் உறுத்தவில்லை.

சரி, கூரைக்கு வருவோம். பனி விழும் ஊரில் சமதளக் கூரை என்றதும் எனக்கு வயிற்றைக் கலக்கியது. ஓட்டுக் கூரை போல் சரித்துவிட்டால் பனி வழிந்துவிடும், சமதளத்தில் அப்படியே உட்கார்ந்து உருகும். இங்கே வாட்டத்தை வெளிப்பக்கம் கொடுக்கவில்லை, நடுவை நோக்கிக் கொடுத்திருக்கிறார்கள். தண்ணீர் கூரையின் மையத்துக்கு வந்து, வீட்டுக்குள்ளேயே இறங்கும் குழாய் வழியாக, தள்ளியிருக்கும் உறைகிணற்றுக்குப் போய் மண்ணுக்குள் இறங்கிவிடுகிறது. யோசித்துப் பார்த்தால் எவ்வளவு சரி! சுவர் ஓரமாகத் தண்ணீர் இறங்கினால் ராத்திரிக் குளிரில் உறைந்து குழாயையே பிளக்கும், விளிம்பெல்லாம் பனிக்கட்டி தொங்கும். வீட்டின் நடுவே இறங்கும் குழாய்க்கு வீட்டுச் சூடு கிடைக்கிறது, உறையாது. ஒரு குழாய்தான், கண்ணுக்கும் தெரியாது. வெளிச்சுவர் அதனால்தான் அத்தனை சுத்தமாக நிற்கிறது. ஆனால் இந்த வேலையைச் செய்ய நல்ல கையும் வருஷா வருஷம் பராமரிப்பும் வேண்டும். நடுவில் அடைத்துக்கொண்டால் கூரை முழுக்கக் குளமாகிவிடும். நம் ஊரில் இலையும் குப்பையும் விழுகிற மொட்டை மாடியில் இதை நான் செய்ய மாட்டேன்.

தெற்குப் பக்கம்தான் இந்த வீட்டின் உயிர். ஹாலுக்கும் சாப்பிடும் இடத்துக்கும் பெரிய பெரிய கண்ணாடி ஜன்னல்கள், அதற்கு மேலே நீட்டிக்கொண்டிருக்கும் சன்ஷேட். லிங்கன் இருப்பது வடக்கே 42 டிகிரி அட்சரேகையில். ஜூன் மாதம் உச்சி வேளையில் சூரியன் அங்கே 71 டிகிரி உயரத்தில் நிற்கும். டிசம்பரில் 24 டிகிரிதான், கிட்டத்தட்டக் கண் எதிரே இருக்கும். கணக்குக்காக 3 அடி சன்ஷேட் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஜூனில் அதன் நிழல் 8 அடிக்கு மேல் கீழே இறங்கி ஜன்னலை முழுக்க மூடிவிடும். டிசம்பரில் ஒன்றரை அடி கூட இறங்காது, வெயில் ஹாலுக்குள் நீளமாக வந்து விழும். கோடையில் தடுக்கிறது, குளிரில் உள்ளே விடுகிறது. மின்சாரமோ திருகாணியோ எதுவும் இல்லை. ஒரு பலகையை எவ்வளவு தூரம் நீட்ட வேண்டும் என்று ஒரு மனிதர் பென்சில் பிடித்துக் கணக்குப் போட்டிருக்கிறார், அவ்வளவுதான்.

இதை இங்கே எழுதுவதற்கு ஒரு காரணம் உண்டு. இப்போது நம் ஊரில் ‘மாடர்ன் எலிவேஷன்’ என்று கேட்டுக்கொண்டு வருகிறவர்கள் போனில் காட்டும் படங்கள் எல்லாம் இந்த வீட்டின் பேரப்பிள்ளைகள்தான். வெள்ளைப் பெட்டி, பெரிய கண்ணாடி, சமதளம். ஆனால் சன்ஷேட் மட்டும் காணாமல் போயிருக்கும், பார்வைக்கு இடைஞ்சல் என்று. திருச்சியில் டிசம்பர் மதியத்திலேயே சூரியன் 56 டிகிரி உயரத்தில் நிற்கிறது. ஜூனில் உச்சியைத் தாண்டி வடக்குப் பக்கமே போய்விடுகிறது. நமக்குத் தெற்குக் கண்ணாடியால் கிடைக்கும் லாபம் ஒன்றும் இல்லை. நம் பகை கிழக்கு, மேற்குச் சுவர்களிலும் மேல் தளத்திலும்தான். குரோப்பியஸ் திருச்சியில் கட்டியிருந்தால் இந்த வீட்டைக் கட்டியிருக்கவே மாட்டார். நம் திண்ணையையும் முற்றத்தையும் போய்ப் பார்த்துவிட்டு வந்திருப்பார் என்று எனக்கு உறுதியாகத் தோன்றுகிறது.

வலை அடித்த தாழ்வாரம் ஒன்று தெற்கே நீண்டிருக்கிறது. அந்தப் பகுதி வீடுகளில் தாழ்வாரம் பெரும்பாலும் முன்பக்கம் தெருவைப் பார்த்து, சுவரை ஒட்டியே ஓடும். இவர் அதைப் பின்பக்கம் கொண்டுபோய், வீட்டுக்குச் செங்கோணமாக வெளியே நீட்டிவிட்டார். மூன்று பக்கமும் வலை. எந்தப் பக்கக் காற்றும் உள்ளே வரும். சுவரை ஒட்டி வைத்திருந்தால் ஹால் ஜன்னலை மறைத்து இருட்டாக்கியிருக்கும், அதுவும் இல்லை. கொசு கடிக்காமல், மழையில் நனையாமல் தோட்டத்தின் நடுவில் உட்காரலாம். இதை மட்டும் நம் ஊருக்கு அப்படியே கொண்டுபோகலாம். இடமும் வசதியும் இருக்கிற யாராவது கேட்டால் நாளைக்கே கட்டித் தருவேன்.

வாசல் வடக்குப் பக்கம். வீட்டில் இருந்து சாய்வாக ஒரு கூரை நீண்டு வந்து நம்மை அழைத்துப் போகிறது, ஒரு பக்கம் கண்ணாடிக் கட்டிச் சுவர். குளிர்காற்று தடுக்கப்படுகிறது, வெளிச்சம் தடைபடவில்லை. உள்ளே நுழைந்ததும் சின்ன ஹால், வளைந்து மேலே போகும் படிக்கட்டு, எஃகுக் குழாய்க் கைப்பிடி. சுவரைப் பாருங்கள். அந்த ஊரில் வீட்டுக்கு வெளியே அடிக்கிற பலகையை உள்ளே கொண்டுவந்து செங்குத்தாக அடித்திருக்கிறார்கள். கூடம் இன்னும் உயரமாகத் தெரிகிறது. படங்களை மாற்றி மாற்றி மாட்ட ஆணி அடித்தாலும் ஓட்டையை அடைத்துப் பெயிண்ட் பூசிவிடலாம், பூச்சு உதிராது. ஒரு சுவருக்குப் பலகையா பூச்சா என்பதை ஆணி அடிக்கப் போகிறவரைக் கேட்டு முடிவு செய்திருக்கிறார்கள். நம் வேலையில் இதை யாரும் கேட்பதில்லை. குடிவந்த பிறகு காலண்டர் மாட்ட இடம் தேடி டிரில்லிங் மெஷினோடு அலைகிறோம்.

எழுதும் அறையில் நீளமான இரட்டை மேசை. பிராய்யர் வடிவமைத்தது, ஜெர்மனியில் இருந்தே வந்தது. கணவனும் மனைவியும் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்து வேலை பார்த்திருக்கிறார்கள். அந்த அறைக்கும் சாப்பிடும் இடத்துக்கும் நடுவில் மறுபடி கண்ணாடிக் கட்டிச் சுவர். அந்தப் பக்கம் ஆள் நடந்தால் நிழல் மட்டும் தெரியும், முகம் தெரியாது. தெற்கு வெளிச்சம் இங்கே வரைக்கும் வருகிறது. ஹாலையும் சாப்பிடும் இடத்தையும் பிரிப்பது சுவர் இல்லை, திரைச்சீலை. இழுத்தால் இரண்டு அறை, ஒதுக்கினால் ஒன்று. தரை தக்கை. நடந்தால் சத்தமே இல்லை, காலுக்கும் இதமாக இருக்கும். மூட்டுவலிக்காரனாகிய நான் அதில் நின்றுகொண்டே நிறையக் கேள்வி கேட்டேன்.

சாப்பாட்டு மேசைக்கு மேலே கூரைக்குள் பதித்த ஒரே ஒரு விளக்கு. படக்கூடங்களில் வைப்பது மாதிரி. வெளிச்சம் மேசையின் மேல் மட்டும் விழும்படி வைத்திருக்கிறார்கள். விருந்துக்கு வந்தவர்கள் இருட்டில் தோட்டத்தைப் பார்த்துக்கொண்டு, எதிரே வெளிச்சத்தில் தட்டைப் பார்த்துக்கொண்டு சாப்பிட்டிருப்பார்கள். அறை முழுக்க விளக்குப் போட்டால் ராத்திரியில் கண்ணாடி ஜன்னல் முகம் பார்க்கும் கண்ணாடியாகவே மாறி நம் முகத்தைத்தான் காட்டும். இது தெரிந்து செய்த வேலை.

சாமான்கள் பற்றி ரொம்பச் சொல்லப் போவதில்லை, படங்கள் எங்கும் கிடைக்கும். பிராய்யரின் வளைத்த எஃகுக் குழாய் நாற்காலிகள், சாரினன் என்ற வடிவமைப்பாளரின் அகலமான நாற்காலி, ஜப்பானில் இருந்து வந்த, வண்ணத்துப்பூச்சி இறக்கை போல் வளைந்த முக்காலிகள். சுவர்களில் நண்பர்கள் கொடுத்த படங்கள். மொஹோலி-நாகி, ஆல்பர்ஸ், பேயர், மீரோ என்று பெரிய பெயர்கள். எனக்குப் பிடித்தது என்னவென்றால் அவை காட்சிப்பொருள் மாதிரி இல்லை. உட்கார்ந்து தேய்ந்த நாற்காலி என்பது பார்த்த உடனே தெரியும்.

மாடியில் பெரியவர்களின் படுக்கையறை. இங்கே ஒரு விஷயத்தைக் கிட்டத்தில் போய்ப் பாருங்கள். படுக்கிற இடத்துக்கும் உடை மாற்றுகிற இடத்துக்கும் நடுவில் கண்ணாடித் தடுப்பு. அவர்களுக்கு ஜன்னலைத் திறந்து வைத்துக் குளிரில் தூங்கப் பிடிக்கும். காலையில் எழுந்து உடை மாற்றுகிற இடம் மட்டும் சூடாக இருக்க வேண்டும். ஆகவே கண்ணாடி. படுக்கை சில்லென்று இருக்கும், அந்தப் பக்கம் வெதுவெதுப்பு. அறை ஒன்றுதான், பார்வையும் மறையவில்லை. தம்பதியின் தூங்கும் பழக்கத்துக்கு ஒரு சுவரையே ஒதுக்கியிருக்கிறார்கள். நான் கட்டிக்கொடுத்த வீடுகளில் எத்தனை பேர் ஃபேன் வேண்டும், வேண்டாம் என்று இன்னும் சண்டை போட்டுக்கொண்டிருக்கிறார்களோ!

நாலு குளியலறை இந்த வீட்டில். நாலையும் வடமேற்கு மூலையில், மேலும் கீழுமாக ஒரே இடத்தில் அடுக்கியிருக்கிறார்கள். ஒரே டக்ட், ஒரே குழாய்த் தொகுதி. வெயிலும் காட்சியும் இல்லாத பக்கத்தைக் குளியலறைக்குக் கொடுத்துவிட்டு, நல்ல பக்கத்தை மனிதர்களுக்கு வைத்துக்கொண்டார். செலவும் குறைவு, கசிந்தால் தேட வேண்டிய இடமும் ஒன்று. மொத்த வீடு சுமார் 2,300 சதுர அடிதான். நம் ஊரில் இப்போது சாதாரணமாகக் கட்டுகிற அளவு. ஆனால் உள்ளே இருக்கும்போது அதைவிடப் பெரிதாகத் தெரிகிறது, பாதி வீடு தோட்டத்தில் இருப்பதால்.

இனி ஆட்டியின் அறை. இஸேயின் சகோதரி மகள் அவள். தாய் இறந்த பிறகு இவர்கள் தத்தெடுத்து வளர்த்தார்கள். வீடு கட்டும்போது அவளுக்குப் 12 வயது இருக்கும். புது நாடு, புது மொழி. உனக்கு எப்படி அறை வேண்டும் என்று கேட்டிருக்கிறார் அப்பா. நட்சத்திரம் தெரியும்படி கண்ணாடிக் கூரை வேண்டும், தரையில் மணல் வேண்டும், எனக்கென்று தனி வாசல் வேண்டும் என்றாளாம். கண்ணாடிக் கூரையும் மணலும் கிடைக்கவில்லை. ஆனால் அவள் அறையில் இருந்து நேரே போகிற ஒரு மாடித் திறந்தவெளி கிடைத்தது, ராத்திரி நட்சத்திரம் பார்க்கலாம். அந்த வெளியின் ஒரு சுவருக்கு இளஞ்சிவப்பு பெயிண்ட். தனி வாசலும் கிடைத்தது. தோட்டத்தில் இருந்து நேரே அங்கே ஏறும் சுருள் இரும்புப் படிக்கட்டு. வீட்டின் முகப்பில் நின்றால் கண்ணில் படுகிற முதல் பொருளே அதுதான். உலகமெல்லாம் படம் எடுத்துப் போட்ட அந்தப் படிக்கட்டு ஒரு சின்னப் பெண், ‘என் சிநேகிதிகள் ஹால் வழியா வராம நேரா என்கிட்ட வரணும்’ என்று கேட்டதால் வந்தது.

பேத்தி அதைக் கேட்டுவிட்டு என் கையைப் பிடித்து இழுத்தாள். “தாத்தா, நீங்க வீடு கட்டும்போது அங்க இருக்கிற பிள்ளைங்ககிட்ட கேப்பீங்களா?” என்றாள். கேட்டிருக்கிறேன், எல்லா வீட்டிலும் இல்லை என்றேன். பூஜையறை எங்கே என்று கேட்போம். வாஸ்துப்படி தலைவாசல் எங்கே என்று கேட்போம். பிள்ளைகளின் அறையை மட்டும் மிச்சம் இருக்கிற மூலையில் போட்டுவிடுவதுதான் வழக்கம். இந்த வீட்டில் நல்ல காட்சி, நல்ல வெயில், சொந்தமாக ஒரு மாடி எல்லாம் அந்தப் பிள்ளைக்குத்தான். சொந்தமாக வீடு கட்டுகிறவர்களில் எத்தனை பேருக்கு இந்த மனசு வரும்?

குறை சொல்ல வேண்டுமானால் சமையலறையைச் சொல்வேன். 1938க்கு அது புதுமைதான், வசதிக்கும் குறைவில்லை. ஆனால் அது வேலைக்காரர் சமைக்கிற வீட்டின் சமையலறை. கீழே அவர்கள் தங்கும் அறையும் அதை ஒட்டித்தான். வீட்டில் எல்லா அறைக்கும் தெற்கு வெயிலையும் தோட்டத்தையும் பார்த்துப் பார்த்துக் கொடுத்தவர், அடுப்பு முன்னால் நிற்பவரை வடக்குப் பக்கம் ஒதுக்கிவிட்டார். “இவ்வளவு யோசிச்சவருக்கு இது ஏன் தோணலை?” என்று மகள் கேட்டாள். அந்தக் காலத்து வசதியான குடும்பம் அப்படி என்று சமாதானம் சொல்லலாம்தான். ஆனாலும் எனக்கு மனம் ஒப்பவில்லை. நல்ல ஜன்னல் ஒன்றை முதலில் சமையலறைக்கு வை என்று என் அம்மா சொல்லுவாள். இந்த ஒரு விஷயத்தில் என் அம்மா சொன்னதுதான் சரி. இன்னொன்று, அவ்வளவு பெரிய கண்ணாடிகள் ராத்திரிக் குளிரில் வீட்டுச் சூட்டை வெளியே விட்டுக்கொண்டேதான் இருக்கும். கனமான திரைகள் அதற்காகத்தான். எரிபொருள் மலிவாக இருந்த காலத்து முடிவு அது, இன்றைக்குக் கட்டினால் வேறு கண்ணாடி போட்டிருப்பார்.

தோட்டத்துக்கு நேரம் ஒதுக்குங்கள், அதை விட்டுவிட்டால் வீடு பாதிதான் புரியும். வீட்டைச் சுற்றிச் சுமார் 20 அடிக்குத்தான் புல்லை வெட்டிச் சீராக வைத்திருக்கிறார்கள். அதற்கு அப்பால் புல் அதன் இஷ்டத்துக்கு வளர்கிறது, ஆப்பிள் மரங்கள், பாறைகள், பழைய கல் வேலி, பிறகு காடு. கோடு போட்டுப் பிரித்த மாதிரி இல்லாமல் வீடு மெதுவாகக் காட்டில் போய் முடிகிறது. வளர்ந்த மரங்களையே வேரோடு கொண்டுவந்து நட்டிருக்கிறார்கள். சுவரில் இருந்து வெளியே நீளும் மரப் பந்தல்களில் ரோஜாவும் திராட்சையும் ஏறுகின்றன. அந்தப் பந்தல்கள் இல்லாவிட்டால் வீடு உண்மையிலேயே மேலே இருந்து இறக்கி வைத்த பெட்டியாகத்தான் இருந்திருக்கும். 1950களில் ஜப்பான் போய்வந்த பிறகு இஸே தாழ்வாரத்தை ஒட்டிய பூப்பாத்திகளை எடுத்துவிட்டு, சரளைக் கல் பரப்பி, அஸேலியா போன்ற செடிகளை வைத்து ஒரு சின்னத் தோட்டம் செய்தார். அது இப்போதும் இருக்கிறது. வீடு என்றால் குரோப்பியஸ் பெயரைத்தான் சொல்கிறோம். ஆனால் அந்த வீட்டை வீடாக வைத்திருந்தது இஸே. கணவர் 1969இல் இறந்த பிறகும் அங்கேயே இருந்து, உயிரோடிருக்கும்போதே வீட்டையும் சாமான்களையும் பழைய வீடுகளைப் பாதுகாக்கும் அமைப்புக்கு எழுதிக்கொடுத்துவிட்டு, 1983 வரை அதே வீட்டில் வாழ்ந்தார். இன்று அந்த அமைப்புக்கு ஹிஸ்டாரிக் நியூ இங்கிலாந்து என்று பெயர். அவர் அப்படிச் செய்திருக்காவிட்டால் இந்த நாற்காலிகள் ஊருக்கு ஒன்றாகப் போயிருக்கும். 2000ஆம் ஆண்டில் தேசிய வரலாற்றுச் சின்னமாகவும் அறிவித்தார்கள்.

சுற்றிக்காட்டும் விதம் எனக்கு மிகவும் பிடித்தது. நாமாக உள்ளே போக முடியாது, ஒரு வழிகாட்டியோடு சின்னக் குழுவாகத்தான். எங்களை அழைத்துப் போன அம்மாள் மனப்பாடம் ஒப்பிக்கவில்லை. நான் குழாய், வாட்டம், உறைகிணறு என்று கேட்டுக்கொண்டே இருந்தேன், மகள் மொழிபெயர்த்தாள். அந்த அம்மாள் முகம் சுளிக்காமல் நின்று, வெளியே வந்து கையை நீட்டிக் காட்டினார். அவசரப்படுத்தவில்லை. இந்தியாவில் சில பெரியவர்களின் நினைவு இல்லங்களில் கயிறு கட்டிய வாசலில் நின்று எட்டிப் பார்த்துவிட்டுத் திரும்பியிருக்கிறேன், அந்த அனுபவத்தோடு இதை ஒப்பிடவே முடியாது.

போகிறவர்களுக்குச் சில விஷயங்கள். திறக்கும் நாட்களும் நேரமும் பருவத்துக்குப் பருவம் மாறும். வலைத்தளத்தில் பார்த்து முன்பதிவு செய்துவிட்டுப் போவது நல்லது, குழு சின்னது என்பதால் சீக்கிரம் நிரம்பிவிடும். பாஸ்டனில் இருந்து லிங்கனுக்கு ரயில் உண்டு. ஆனால் நிலையத்தில் இருந்து வீடு தூரம், வயதானவர்களுக்கு நடக்க முடியாது, காரில் போவதே சரி. கீழே கார் ஷெட்தான் இப்போது வரவேற்பு இடம். அங்கிருந்து மேட்டில் ஏற வேண்டும், மாடிக்கும் படிதான், லிஃப்ட் இல்லை. முட்டி மோசமாக இருப்பவர்கள் கீழ்த்தளத்தையும் தோட்டத்தையும் பார்த்தாலே வந்ததற்குப் பலன் உண்டு. பக்கத்திலேயே டிகார்டோவா சிற்பப் பூங்கா இருக்கிறது, வால்டன் குளமும் இருக்கிறது. பிள்ளைகள் கூட வந்தால் இரண்டில் ஒன்றைச் சேர்த்துக்கொள்ளுங்கள். சாப்பாட்டைக் கையோடு கட்டிக்கொண்டு போய்விடுங்கள். வீட்டுக்குப் பக்கத்தில் கடை கிடையாது.

ஒன்று மட்டும் செய்யுங்கள். உங்கள் பிளானை, கட்டி முடித்ததோ கட்டப் போவதோ, போனில் எடுத்துக்கொண்டு போங்கள். ஒவ்வொரு அறையிலும் நின்று, இது யாருக்காக இங்கே இருக்கிறது என்று அந்த வீட்டிடமும் உங்கள் பிளானிடமும் கேட்டுப் பாருங்கள். தஞ்சாவூரில் அடுத்து நான் தொடங்க வேண்டிய வீடு ஒன்றின் பிளான் என் போனில் இருந்தது. அன்று சாயங்காலமே அந்த வீட்டுக்காரருக்குப் போன் போட்டு, சமையலறையைக் கிழக்குத் தோட்டப் பக்கம் நகர்த்தலாமா என்றும், அவருடைய பையனிடம் அவனுக்கு எப்படி அறை வேண்டும் என்று கேட்டுச் சொல்லுங்கள் என்றும் பேசிவிட்டேன். பையனுக்கு ஜன்னல் திண்டில் உட்கார்ந்து படிக்க இடம் வேண்டுமாம். 9 அங்குலச் சுவரை அந்த இடத்தில் மட்டும் வெளியே தள்ளிக் கொடுத்தால் முடியும். வரைந்து அனுப்பிவிட்டேன்.